கரடியூர்ச் சாமையும் சேலத்துக் கரண்டியும்

மேகலாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவள் வயதைக் கேட்கலாம், புருஷனோடு கடைசியாக எதற்குச் சண்டை போட்டாள் என்றுகூடக் கேட்கலாம். "அறுபது பேருக்கு எத்தன படி சாமை போடணும்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மஞ்சக்குட்டையில் இதைக் கேட்டு அவளைச் சீண்டாதவர்கள் குறைவு. நானே மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுகிறேன்.

நான் இந்த மலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கிராம சுகாதார நர்ஸ். சாரா என்று ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் இங்கே எல்லோருக்கும் நர்சம்மாதான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடை பார்ப்பதும் ரத்தம் பார்ப்பதும் குழந்தைகளுக்கு ஊசி போடுவதும் என் வேலை. போகிற வீட்டில் எல்லாம் சாப்பிடுவது என் பழக்கம். சேலத்திலிருந்து வந்தபோது ஒல்லியாகத்தான் வந்தேன். இப்போது என் ஸ்கூட்டர் கரடியூர் ஏற்றத்தில் முனகுகிறது.

கரடியூர்ப் பக்கம் மலைக்காரர்கள். சாமை, ராகி, ஆரஞ்சு, கொஞ்சம் காப்பி என்று சொந்தக் காட்டில் பாடுபடுகிறவர்கள். மஞ்சக்குட்டையில் எஸ்டேட் லைன் வீடுகள். அங்கே இருப்பவர்களின் முப்பாட்டன்கள் காப்பி பறிக்கக் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே பள்ளிக்கூடம், ஒரே மழை. ஆனால் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள். சாதி என்ற சொல் யார் வாயிலும் வராது. "பழக்கமில்லீங்க" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் இரண்டு பேர் வீட்டு உப்பையும் தின்றவள் நான். இரண்டு வீட்டிலும் கைப்பக்குவம் எப்படி என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் தெரியாது.

மேகலா லைன் வீட்டில் பிறந்தவள். ஒன்பது வயதில் அவள் அம்மாவோடு கரடியூர்த் திருவிழாவுக்குப் போனாளாம். சாமி கும்பிட விட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் லைன்காரர்களுக்கு வேலிக்கு வெளியே இலை போட்டார்கள். சோறு நல்ல சோறுதான், குறைவில்லாமல்தான் போட்டார்கள். அவள் அம்மா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். மேகலா இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய் ஓடையில் போட்டாள். அன்றைக்கு வாங்கிய அடியை இன்றும் முதுகைத் தடவிக்கொண்டுதான் சொல்வாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் அந்தக் கோபத்தை இறக்கிவைக்க ஒரு ஆள் கிடைத்தது. கரடியூரிலிருந்து வந்துகொண்டிருந்த கௌரி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கௌரி மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்தாள். உள்ளே சாமைச் சோறு. மேகலா எட்டிப் பார்த்து, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "ஐயே, குருவித் தீனி" என்றாள். ரேஷன் அரிசி தின்கிற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் கௌரியை எல்லோரும் குருவி என்றே கூப்பிட்டார்கள். கௌரி தூக்குப்போசி கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். மத்தியானம் தண்ணீர் மட்டும் குடிப்பாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிட்டாள்.

இதை மேகலாவே என்னிடம் சொன்னாள். "என் வாயிருக்கே நர்சம்மா, அதத் தச்சுப் போட்டிருக்கணும்" என்றாள். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாகியும் கௌரியிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சந்தையில் பார்த்தால், "ஏனுங்க, நல்லாருக்கீங்களா?", "இருக்கேனுங்க" என்பதோடு சரி. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பதினாறு வயதில் மேகலா மலையிறங்கிப் போய் சேலத்தில் ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டரிடம் சேர்ந்தாள். காய் நறுக்கப் போனவள் நாலு வருஷத்தில் ஆயிரம் பேர் பந்திக்கு உலை வைக்கக் கற்றுக்கொண்டாள். உப்பை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டாள், ஆவியை மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கிற பல்பர் மெஷின் ஓட்டும் அன்பழகனைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, மாஸ்டர் கொடுத்த இடுப்புயர இரும்புக் கரண்டியையும் கொண்டுவந்தாள். சீதனமே அதுதான். அந்தக் கரண்டியை வேறு யாரும் தொடக் கூடாது. அன்பழகன் ஒரு தடவை அதால் பாம்பை அடித்துவிட்டு மூன்று நாள் பட்டினி கிடந்தான்.

போன வருஷம் கார்த்திகையில் நான் ரத்தம் பார்த்த பதினாலு பிள்ளைத்தாய்ச்சிகளில் ஒன்பது பேருக்கு ரத்தம் இல்லை. மாத்திரை கொடுத்தால் பரணில் வைத்துவிடுகிறார்கள். வெறுத்துப்போய்ப் பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்தேன். சனிக்கிழமை தோறும் மஞ்சக்குட்டை சமுதாயக் கூடத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும், கூட வருகிறவர்களுக்கும் ஒரு வேளைச் சாப்பாடு, கீரையும் பயறுமாக. இரண்டு ஊருக்கும் சேர்த்து. சமையலுக்கு மேகலா. காய்கறிக்குக் கரடியூர் மகளிர் குழு. அந்தக் குழுவுக்குத் தலைவி யாரென்றால், கௌரி.

கௌரி அதிகம் பேச மாட்டாள். "நர்சம்மா சொன்னாச் சரிங்க" என்றாள். மொச்சையும் சௌசௌவும் கீரைக்கட்டும் சனிக்கிழமை காலையில் வரும் முதல் ஜீப்பிலேயே வந்து இறங்கிவிடும். கரடியூர்ப் பெண்கள் பத்து மணிக்கு வருவார்கள், எடை பார்த்துக்கொள்வார்கள், தூக்குப்போசியில் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "உக்காந்து சாப்புடுங்க கண்ணு" என்றால், "ஊட்ல போயித் தின்னுக்கறோமுங்க" என்பார்கள். நான் நம்பினேன். பதினோரு வருஷம் வேலை பார்த்தும் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் கலாவைப் பார்க்கப் போனேன். கரடியூர்ப் பெரியவர் பொன்னுவேலின் மருமகள், தலைச்சன், எட்டு மாசம், ரத்தம் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டுதான். வாசலில் பொன்னுவேலின் சிவலை மாடு தொட்டியில் தலையை விட்டு ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் மேகலாவின் மொச்சைக் குழம்பும் சோறும்.

"மாடு நல்லாத் தின்னுதுங்க நர்சம்மா" என்றார் பொன்னுவேல். ஒரு கூச்சமும் இல்லை. கதவுக்குப் பின்னால் கலா நின்றுகொண்டு மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கண் அந்தத் தொட்டியை விட்டு அகலவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே அவர் கொடுத்த காப்பியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தேன், அது வேறு விஷயம்.

மேகலாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு தூக்குப்போசியை வாங்கித் திறந்தவள், விளிம்பில் ஒட்டியிருந்த தவிட்டை விரலால் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகம் என்னிடம் இல்லை.

"மாடாவது உப்பு சரியா இருக்குதுன்னு சொல்லுச்சுங்களா?" என்றாள்.

அன்று முழுக்க அவள் பேசவில்லை. மேகலா பேசாமல் இருந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு சனிக்கெழம பாக்கறேன் நர்சம்மா. அவிங்க சோத்தையே ஆக்கிப் போடறேன். சாமை. அதையும் மாட்டுக்கு வெச்சாங்கன்னா, நான் கரண்டியத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போயிருவேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

அவள் போனால் சாப்பாடு நின்றுவிடும். இந்த மலையில் அறுபது பேருக்குச் சளைக்காமல் உலை வைக்க வேறு ஆள் இல்லை. எனக்குக் கலாவின் முகம் கண்ணிலேயே நின்றது.

சாமை கேட்டு நான்தான் கௌரி வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், தவிடு உட்பட. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மேகலா சாமை ஆக்கறேன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு உள்ளே போனாள். அடுக்குப் பானைகளில் பழைய சாமை நிறையவே இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். அதைத் தாண்டிப் போய், மூலையில் மஞ்சள் துணி கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தாள்.

சனிக்கிழமை காலை அந்த மூட்டையோடு அவளே ஜீப்பில் வந்து இறங்கினாள். மேகலாவிடம் நீட்டினாள்.

"புதுச் சாமைங்க. சாமிக்குப் படைச்சுட்டோம். எங்க ஊருப் பழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. மொத ஒலை ஆக்குனா, வெளக்கு வைக்கறதுக்குள்ள மனுசங்கதான் தின்னு தீக்கணும். மிச்சம் வைக்கக் கூடாது. மாட்டுக்கும் வைக்கக் கூடாதுங்க."

மேகலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கௌரி ஜீப்பைப் பார்த்தாள்.

"அப்பறமுங்க, படிக் கணக்கு..." என்று கௌரி ஆரம்பித்தாள்.

"எனக்கு ஆக்கத் தெரியுமுங்க" என்றாள் மேகலா. ஆயிரம் பேருக்கு உலை வைத்த கை அது. கௌரி வாயை மூடிக்கொண்டு கீரை ஆயப் போய்விட்டாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். மேகலா அறுபது பேருக்கு ஆறு படி அளந்து போட்டாள். அரிசிக் கணக்கு. அவள் ஆயுளில் சாமையை ஆக்கியதும் இல்லை, தின்றதும் இல்லை. காப்பிச் செடியில் கவாத்து வெட்டிய கட்டைகள் நன்றாகப் பிடித்துக்கொண்டு எரிந்தன. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்டாவின் மூடி மெல்ல எழுந்தது. மேகலா கரண்டியால் அமுக்கினாள். மூடி மறுபடியும் எழுந்தது. இன்னொரு அண்டா கேட்டாள், பாதியை அதில் மாற்றினாள். இரண்டும் நிறைந்தன. லைன் வீட்டிலிருந்து அன்பழகன் மூன்றாவது அண்டாவை உருட்டிக்கொண்டு ஓடி வந்தான். வெந்து முடிந்தபோது மூன்று அண்டாவிலும் விளிம்பு வரைக்கும் சாமைச் சோறு, பூப்போல. வாசனை தேவாமிர்தம், மேகலாவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நர்சம்மா, இது என்னுங்க இது?" என்றாள் மெதுவாக.

கௌரி வந்து மூன்று அண்டாவையும் பார்த்தாள். "எத்தன படி போட்டீங்க?"

"ஆறு."

"மூணு போட்டிருந்தா நூறு பேரு தின்னிருக்கலாமுங்க."

கரடியூர்ப் பெண்கள் தூக்குப்போசியோடு வந்து நின்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதுச் சாமை. வாங்கிக்கொண்டு போய் மாட்டுக்கு வைக்க முடியாது. கொட்டவும் முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் பெரியவர்கள் தின்ன விட மாட்டார்கள், சும்மா வைத்திருந்தால் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடும். யாரும் நகரவில்லை. சாமை ஆவி மட்டும் எல்லோர் மூக்கையும் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றாள் கலா.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எட்டு மாசத்துப் பிள்ளைக்கும் சேர்த்துப் பசித்தால் இருபதும் பறக்கும் போலிருக்கிறது. அவள் தூக்குப்போசியை ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, தானே ஒரு இலையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். மேகலா ஒரு கரண்டி சாமையை வைத்து, நடுவில் குழி பறித்து மொச்சைக் குழம்பை ஊற்றினாள். கலா குனிந்தவள் நிமிரவே இல்லை. அந்தப் பெண் தின்ற அழகை நான் நின்று பார்த்தேன். மற்ற பிள்ளைத்தாய்ச்சிகள் அவள் பக்கத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

ஆனாலும் மூன்று அண்டா. சாமை வயிற்றில் சீக்கிரம் நிறைந்துவிடும், இரண்டாம் கரண்டிக்கே கையை நீட்டி மறிப்பார்கள். அறுபது பேரும் ஏப்பம் விட்ட பிறகு இரண்டு அண்டா அப்படியே இருந்தது. ஜீப் ஓட்டும் சின்னராஜ் கரடியூர்க்காரன். கௌரி அவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பினாள். அவன் கரடியூரில் ஜீப்பை நிறுத்தி, "புதுச் சாமை மிச்சமாகுது" என்று கத்தினானாம். அந்த ஊரில் வீடு பற்றி எரிகிறது என்றால்கூட அவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள். முதல் நடையில் பதினெட்டுப் பேர். முன் சீட்டில் பொன்னுவேல்.

இந்தப் பக்கம் நானும் சும்மா இருக்கவில்லை. காப்பி பறித்துவிட்டு வந்துகொண்டிருந்த லைன்காரர்களை வழி மறித்தேன். "சாமையா? நாங்க என்ன கோழியா நர்சம்மா?" என்றார்கள். "ரெண்டு வாயி தின்னுட்டுச் சொல்லுங்க" என்று தள்ளிக்கொண்டு வந்தேன். எதிர்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். இரண்டு வாய் தின்றார்கள். பிறகு குழம்பு கேட்டார்கள்.

பொன்னுவேல் உள்ளே நுழைந்து அண்டாக்களைப் பார்த்தார். தன் மருமகள் இரண்டாவது தடவையாக இலை போட்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். முகம் கறுத்தது. "யாரு இத்தன சாமைய ஒலையில போட்டது?"

"நாந்தானுங்க" என்றாள் மேகலா. கரண்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அரிசிக் கணக்குல போட்டுப்புட்டேனுங்க."

"அரிசிக் கணக்குலயா?"

"ஆமாங்க."

பெரியவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். "அரிசிக் கணக்குல சாமை போட்டாங்களாம்" என்று அந்தச் சொல் வரிசையில் போய்க்கொண்டே இருந்தது, போகப் போகச் சிரிப்பு ஏறியது. பொன்னுவேல் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். எதிர்ச் சுவரிலிருந்து லைன்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், சத்தமாகச் சிரித்தது அன்பழகன். மேகலா அவனைப் பார்த்த பார்வையில் இன்னொரு மூன்று நாள் பட்டினி இருந்தது.

"எலை போடுங்க சாமி, புதுச் சாமைய உட்டுட்டுப் போவ முடியாது" என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குச் சந்தோஷம்தானா, பழக்கத்துக்குக் கட்டுப்பட்டாரா, எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். கூடம் சின்னது. சின்னராஜ் நாலாவது நடை அடித்தபோது இந்தச் சுவர், அந்தச் சுவர் என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. கிடைத்த இடத்தில் இலை விழுந்தது. பொன்னுவேலின் முழங்கை அன்பழகனின் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் மொச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கௌரி மட்டும் உட்காரவில்லை. தண்ணீர் ஊற்றினாள், இலை எடுத்தாள், பிள்ளைகளுக்கு வாய் துடைத்தாள். மேகலா பரிமாறிக்கொண்டே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் எதிர்பார்த்தது அந்த ஒரு இலையைத்தான். அது விழாமல் போனால், மற்ற இருநூறு இலையும் அவளுக்கு இருநூறு மாட்டுத் தொட்டி மாதிரிதான்.

மூன்றாவது அண்டாவின் அடி தெரிய ஆரம்பித்தபோது கௌரி கையைக் கழுவிக்கொண்டு வந்து, கலாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தாள். மேகலா சாமையை வைத்தாள். ஆவியை மோந்தே உப்பைச் சொல்கிறவள் குறி தவறி, பாதி சாமையை இலைக்கு வெளியே போட்டாள்.

"கௌரி" என்றாள். "அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல நான் சொன்னது..."

"சொன்ன. ஞாபகம் இருக்குது" என்றாள் கௌரி. வெளியே விழுந்த சாமையை விரலால் கூட்டி இலைக்குள் சேர்த்தாள். ஒரு வாய் எடுத்துத் தின்றாள். பிறகு தலையை நிமிர்த்திக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "குருவித் தீனின்னு சொன்ன. பாரு, எத்தன குருவி வந்திருக்குதுன்னு. இன்னொரு கரண்டி போடு."

கலா புரையேறும்படி சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மேகலா சிரித்தாள், அழுதாள், போட்டாள்.

கௌரி தின்று முடித்து எழுந்தாள். நேராக மேகலாவிடம் வந்து, யாரும் தொடக் கூடாத அந்த இரும்புக் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கினாள். "நீ உக்காரு. நான் போடறேன்." அன்பழகன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். மேகலா கரண்டியை விட்டுவிட்டாள். பந்தியின் நடுவில், பொன்னுவேலுக்கும் கலாவுக்கும் இடையில் கௌரி ஒரு இலையைப் போட்டாள். பெரியவர் ஒரு நொடி இலையைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

மேகலா உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகச் சாமைச் சோறு தின்றாள். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"எப்பிடி இருக்குது?" என்றாள் கௌரி, கரண்டியை ஊன்றிக்கொண்டு.

"இத்தன வருசத்த வீணாக்கிப்புட்டேனே, கௌரி" என்றாள் மேகலா.

"சரி சரி, தின்னு. வெளக்கு வைக்கற நேரமாச்சு" என்று சொல்லி, அண்டாவின் அடியைச் சுரண்டி, மிச்சம் இருந்ததை எல்லாம் கௌரி அவள் இலையில் போட்டாள்.